தாதியர் கல்வியும் பாலியல் நலமும்: நோயாளியின் சொல்லை அறிதல்

வாழ்வின் பயனை அறம், பொருள், இன்பம் என மூன்றாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். திருக்குறளின் மூன்றாம் பாலுக்கு 25 அதிகாரங்கள் உண்டு. தொல்காப்பியத்தின் கற்பியலோ, மனைவிக்குப் பூப்புத் தோன்றிய பின் 12 நாள்கள் கணவன் அவளைப் பிரிந்திருத்தல் ஆகாது என்று இலக்கணமாகவே விதிக்கிறது. உரைகாரர்கள் இதனை மகப்பேற்றோடு சேர்த்து விளக்குவர். பூப்பைப் பற்றிப் பேசுவது இலக்கண நூலுக்கு இழுக்கு என்று அந்நாளில் எவரும் கருதவில்லை.

அத்தகைய மரபில் வந்த நாம் இன்று எவ்வாறு இருக்கிறோம்? பெண் பிள்ளை பூப்பெய்தினால் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அச்சடித்து, மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிறோம். ஆனால் அப்பிள்ளையின் உடலில் நடந்தது யாது என்பதை மட்டும் அவளிடம் சொல்வதில்லை. ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம், உரியவளுக்கு விளக்க மறந்துவிடுகிறோம். இந்த மௌனம் வீட்டோடு நின்றுவிடுவதன்று. அது நோயாளியோடு மருத்துவமனைக்கும் செல்கிறது. அங்கே அதனை முதலில் எதிர்கொள்பவர் தாதியர். ஆதலால், தாதிமைப் பயிற்சி பெறும் மாணவர்க்குப் பாலியல் நலக் கல்வி ஏன் வேண்டும், நம் நாட்டுத் தமிழ் மக்களைப் பொறுத்தவரை அக்கல்வியில் எப்பகுதி குறைவுபட்டிருக்கிறது, அதனை நிறைவு செய்வதில் தமிழாசிரியர்க்கு என்ன பங்கு உண்டு என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பாலியல் நலம் என்பது யாது?

பாலியல் நலம் என்றவுடன் பலர் தொற்று நோய்களை மட்டுமே எண்ணுவர். அது பொருளைச் சுருக்குவதாகும். உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் அறிஞர்களைக் கூட்டி ஆய்ந்து வகுத்த விளக்கத்தின்படி, பாலியல் தொடர்பாக உடலும் உள்ளமும் சமூக உறவும் நலமாக இருக்கும் நிலையே பாலியல் நலம். நோயின்மை மட்டும் நலமாகாது. வற்புறுத்தலும் வன்முறையும் இல்லாத உறவும் அதன் பகுதியே. மாதவிலக்கு, கருவுறுதல், கருத்தடை, மாதவிலக்கு நின்ற பின் வரும் மாற்றங்கள், ஆண்மைக் குறைவு, பிள்ளைப்பேறின்மை, பாலியல் தொற்றுகள், கருப்பை வாய்ப் புற்றுநோய், சிறார்க்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமை ஆகிய யாவும் இத்தலைப்பில் அடங்கும்.

இதனைக் கற்பிப்போர்க்கே முதலில் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணமும் புதியதன்று. மருத்துவரும் தாதியரும் இத்துறையில் பயிற்சி பெறுவது பற்றியே உலக சுகாதார நிறுவனம் 1975ஆம் ஆண்டில் தனி அறிக்கை ஒன்று வெளியிட்டது.

நாணம் வாங்கிய உயிர்கள்

இக்கல்வியின் தேவையைத் தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஒரு வரலாறு நன்கு விளக்கும். அமெரிக்கச் சமயத் தொண்டரின் மகளான ஐடா ஸ்கடர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் வந்து, பேறுகால வேதனையில் இருந்த பெண்களுக்கு உதவுமாறு அவரை அழைத்தனர். அவர் மருத்துவம் கற்றவர் அல்லர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு கூறினார். ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவம் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூவரும் இறந்தனர். அதன்பின் மருத்துவம் கற்ற ஐடா, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். 1909இல் அங்குத் தாதியர் பள்ளி நிறுவினார். 1946இல் அப்பள்ளி பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரியாக உயர்ந்தது.

அம்மூவரின் உயிரைக் கொண்டது நோய் மட்டுமன்று, நாணமும் ஆகும். நாணத்தைப் பழிப்பதால் பயனில்லை. நாணம் கொண்ட ஒருவர் அச்சமின்றிப் பேசத்தக்க வேறொருவரை உருவாக்குவதே வழி. வேலூரின் தாதியர் கல்வி அந்த வழியில் பிறந்தது.

நம் நாடு கண்ட பயன்

மலேசியாவில் இத்துறையில் கிடைத்த பயன்கள் குறைவானவை அல்ல. எச்.ஐ.வி. தொற்று 1986இல் முதன்முதலாக இந்நாட்டில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளை வெளிப்படுத்தினர். நம் நாட்டில் 1998 முதல், அரசு மருந்தகங்களுக்கு வரும் கருவுற்ற தாய்மார்க்கு எச்.ஐ.வி. பரிசோதனை நாடளாவிய திட்டமாயிற்று. மருந்து தராவிடில், தொற்றுள்ள தாய்மார் நூற்றுவரில் 15 முதல் 45 பேர் வரை தம் குழந்தைக்கு அதனைக் கடத்தக்கூடும். உரிய மருந்து தந்தால் அவ்வெண்ணிக்கை 5க்கும் கீழே இறங்கும். 2018ஆம் ஆண்டு அக்டோபரில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. அந்நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சான்றினை முதலில் பெற்ற நாடு நம்முடையதே.

இரண்டாவது பயன் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றியது. இந்நோய்க்குக் காரணம் பாலுறவின் வழியே தொற்றும் ஒரு நச்சுயிரி. அதன் பல வகைகளில் 16, 18 என எண்ணிடப்பட்ட இரண்டு மட்டுமே ஏறத்தாழ நூற்றுக்கு 70 நோய்களை விளைவிக்கின்றன. இவ்வுண்மைக்கு வழிகாட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008இல் நோபெல் பரிசு பெற்றார். 2010இலிருந்து நம் நாட்டில் 13 வயது மாணவியர்க்கு இதன் தடுப்பூசி பள்ளிகளின் வழியே போடப்பட்டு வருகிறது. 2018இல் மலாயாப் பல்கலைக்கழகம், பெண்ணொருத்தி தானே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கும் பரிசோதனை முறையை முன்னோட்டமாக நடத்தியது. மருத்துவரின் முன் படுத்து உடலைக் காட்ட நாணும் பெண்ணுக்கு இதைவிட இசைவான முறை அரிது. தொற்று நெடுநாள் நீடித்துப் புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஆகவே, காலத்தில் கண்டால் தடுக்கத்தக்க நோய் இது.

மூன்றாவது, மருத்துவமனைகளில் உள்ள ஒருங்கிணைந்த உதவி மையம். வன்கொடுமைக்கு ஆளானவர் காவல் நிலையம், மருத்துவமனை, நலத்துறை என்று அலையாமல் ஓரிடத்திலேயே உதவி பெறும் இவ்வமைப்பு 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது.

இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். பரிசோதனையும் ஊசியும் மையமும் ஆயத்தமாக உள்ளன. ஆனால் அவற்றின் வாயிலைத் திறப்பது நோயாளி சொல்லும் சொல். அச்சொல் பிறவாவிடில், அல்லது பிறந்தும் கேட்பவர்க்கு விளங்காவிடில், எத்துணை நல்ல கருவியும் பயன்படாது.

பன்னிரண்டு வயதில் நின்ற சொற்கள்

இனி, நம் தமிழ்ப்பள்ளியில் பயின்று தாதியாகும் ஒரு பெண்ணின் கல்விப் பாதையை நோக்குவோம். 7 வயது முதல் 12 வயது வரை அவள் எல்லாப் பாடங்களையும் பெரும்பாலும் தமிழில் பயில்கிறாள். உடலைப் பற்றிய செய்திகளை நலக்கல்விப் பாடம் தருகிறது. இந்நாட்டில் பாலியல் தொடர்பான பாடங்கள் 1989இல் இடைநிலைப் பள்ளிகளிலும் 1994இல் தொடக்கப் பள்ளிகளிலும் இடம்பெற்றன. 2011இல் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த புதிய கலைத்திட்டம், இனப்பெருக்க நலமும் சமூக நலமும் பற்றிய கல்வியாக அவற்றை ஒழுங்குபடுத்தியது. பாதுகாப்பான தொடுதல், பருவ மாற்றம் முதலியவற்றைத் தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழிலேயே கற்கின்றனர்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் அவள் இடைநிலைப் பள்ளிக்குச் செல்கிறாள். அங்கு அறிவியலும் நலக்கல்வியும் மலாய் மொழியில். தமிழை ஒரு பாடமாக எடுத்தாலும் அது இலக்கணமும் இலக்கியமும் கட்டுரையுமே. பின்னர்த் தாதியர் கல்லூரி. அங்கு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் பாடநூலும் விரிவுரையும் ஆங்கிலமும் மலாயும். ஆக, அவளுடைய உடல் பற்றிய தமிழ்ச் சொல்வளம் 12 வயதோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. 21 வயதில் அவள் நோயியலின் நுட்பங்களை ஆங்கிலத்தில் அறிவாள். ஆனால் 65 வயது மூதாட்டி ஒருவர் தமிழில் சொல்லும் குறையைக் கேட்க அவளிடம் இருப்பது சிறுமியின் தமிழே. அவளை இதற்குக் குறை கூறுவது முறையன்று. கல்வி அமைந்துள்ள முறை அது.

தோட்டங்களில் மக்கள் வாழ்ந்த காலத்தில் இவ்விடைவெளி ஓரளவு குறைவாக இருந்தது. தோட்டத்து மருந்தகத்து டிரசரும் மிஸ்ஸியும் அதே வரிசை வீடுகளின் பேச்சைக் காதால் கேட்டுப் பழகியவர்கள். மருத்துவச்சியோ அப்பேச்சிலேயே பிறந்து வளர்ந்தவர். இன்று கிள்ளான் வட்டாரத்தின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். நோயுற்றால் அரசு மருந்தகங்களுக்கும் பெரிய மருத்துவமனைக்கும் செல்கின்றனர். அங்கே அவர்களை வரவேற்கும் தாதியருள் பெரும்பாலோர் தமிழறியாதவர். தமிழறிந்தவர்க்கும் அந்தப் பழைய பேச்சு அயலாகி வருகிறது.

மக்கள் பேசும் சொற்கள்

பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர்க்குச் சொல்லப்படும் முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது. தாதிக்கும் அதுவே விதி. நோயாளியின் சொல் தெரிந்தது. நோயின் பெயர் தெரியாதது. முன்னதை அறியாமல் பின்னதற்குச் செல்ல இயலாது. சில சொற்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

"மேகம்" என்னும் சொல் சித்த மருத்துவ வழக்கில் மிக விரிந்த பொருளுடையது. நீரிழிவுக்கு மதுமேகம் என்று பெயர். பாலியல் தொற்றுகளையும் மேக நோய் என்பர். "வெட்டை" என்பது உடற்சூட்டையும் குறிக்கும். ஒரு குறிப்பிட்ட பாலியல் தொற்றையும் குறிக்கும். முதியவர் ஒருவர், "ஒடம்பு ஒரே சூடு, நீர்க்கடுப்பு" என்றால் அது சிறுநீர்ப் பாதைத் தொற்றாகவும் இருக்கலாம். சொல்லக் கூசும் வேறு நோயாகவும் இருக்கலாம். இளநீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடாமல், இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கத் தாதி கற்றிருக்க வேண்டும்.

கிரந்திப் புண்ணுக்குப் பறங்கிப்புண் என்றும் ஒரு பெயர் உண்டு. பறங்கியர் என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். 1498இல் போர்ச்சுகீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்த பின்னரே இந்நோய் நம் நாடுகளில் பரவியது என்ற நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் வடமொழி மருத்துவ நூலும் இதனைப் பிரங்க நோய் என்றே குறித்தது. ஒவ்வொரு மக்களும் இந்நோயை அயலார் தந்ததாகவே பெயரிட்டு வந்துள்ளனர் என்பது மருத்துவ வரலாறு காட்டும் உண்மை. நோயின் பெயரிலேயே பழி இருந்தால், நோயுற்றவர் வாய் திறப்பது எவ்வாறு?

"நரம்புத் தளர்ச்சி" என்பதைக் கேட்ட தாதி, கை கால் மரத்துப்போவதை எண்ணுவாள். ஆனால் நம் செய்தித்தாள் விளம்பரங்களாலும் வைத்தியர்களாலும் அச்சொல் ஆண்மைக் குறைவைக் குறிக்கும் இடக்கரடக்கலாக வழங்கி வருகிறது. நீரிழிவு இந்நாட்டு இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவது நாம் அறிந்ததே. நீரிழிவு நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுப்பதால் இவ்விரு குறைகளும் ஒருவர்க்கே வருதல் உண்டு. சொல்லின் மறைபொருளை அறியாவிடில் நோயாளி வெட்கத்தோடு வீடு திரும்புவார். பிறகு கடைத்தெருவில் பெயர் தெரியாத மாத்திரை வாங்குவார். இத்தகைய மருந்துகள் சிலவற்றில் வலிய மேனாட்டு மருந்து கலந்திருப்பதை அரசு மருந்து ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. நெஞ்சு வலிக்காக நாவின் கீழ் வைக்கும் நைட்ரேட்டு மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு வீழும். ஒரு சொல்லை விளங்கிக்கொள்ளாமையின் விலை இவ்வளவு பெரிது.

மாதவிலக்கைத் "தூரம்" என்பது நம் வீடுகளில் வழங்கும் சொல். அது நின்று பல ஆண்டுகள் ஆன மூதாட்டி, "மறுபடியும் தூரம் வந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அதனைச் சிரித்துவிட்டுப் போகலாகாது. மாதவிலக்கு நின்ற பின் தோன்றும் எந்த உதிரப்போக்கும் உடனே ஆராயப்பட வேண்டிய அறிகுறி. உறவின்பின் உதிரம் படுதலும் அத்தகையதே. அதனை நம் பெண்கள் நேரே சொல்வதில்லை. "அடிவயிறு இழுக்குது", "ஒடம்பு உருகுது" என்று சுற்றிச் சொல்வர்.

தமிழாசிரியர்க்கு மிகவும் உவப்பான சான்று இனி வருவது. "கரு கலைஞ்சிடுச்சு" என்பதற்கும் "கருவைக் கலைச்சாச்சு" என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? முன்னது தன்வினை, பின்னது பிறவினை. முன்னது கருச்சிதைவு, தாயின் விருப்பமின்றி நிகழ்ந்தது. பின்னது கருக்கலைப்பு, செய்யப்பட்டது. பேச்சில் இரண்டும் ஓரிரு ஒலியால் மட்டுமே வேறுபடும். நம் மக்கள் ஆங்கிலச் சொல்லைக் கையாளும்போது இரண்டையும் "அபார்ஷன்" என்றே சொல்லிவிடுகின்றனர். தாதி தவறாகக் கேட்டுக் குறித்துவிட்டால், பிள்ளையை இழந்து வருந்தும் ஒருத்தி பிள்ளையை அழித்தவளாக ஏட்டில் எழுதப்படுவாள். இலக்கண வகுப்பில் நாம் நடத்தும் தன்வினையும் பிறவினையும் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கின்றன.

"குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு" என்பதும் இத்தகையதே. நம் மூத்தோர் வழக்கில் அது பெரும்பாலும் கருத்தடை அறுவையைக் குறிக்கும். இளந்தாதி அதனை மாத்திரை உண்பதாகக் கொண்டால் மேற்கொண்டு கேட்கும் கேள்விகள் எல்லாம் பிழையாகும்.

இறுதியாக, "கற்பழிப்பு" என்னும் சொல். இழந்தவளின் கற்பு அழிந்தது என்று அது சொல்கிறது. செய்தவனின் குற்றத்தைச் சொல்லவில்லை. அண்மைக் காலத்தில் பத்திரிகைகள் பாலியல் வன்கொடுமை என்று எழுதத் தலைப்பட்டன. அது நல்ல மாற்றம். உதவி மையத்துக்கு வந்த பெண்ணிடம் எச்சொல்லால் பேசுகிறோம் என்பது, அவள் தன்னைக் குற்றவாளியாக உணர்வதா, உதவிக்கு உரியவளாக உணர்வதா என்பதைத் தீர்மானிக்கும்.

கேட்கும் முறை

சொல்லை அறிந்தால் போதாது. கேட்கவும் தெரிய வேண்டும். ஜாக் ஆனன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1976இல் நான்கு படிகள் கொண்ட முறை ஒன்றை வகுத்தார். உலகெங்கும் தாதியர் கல்வியில் அது கற்பிக்கப்படுகிறது. முதற்படி இசைவு தருதல்: இதைப் பற்றி இங்கே பேசலாம் என்று நோயாளி உணரச் செய்தல். இரண்டாவது, தேவையான அளவுக்கு மட்டும் செய்தி தருதல். மூன்றாவது, அவர் நிலைக்கேற்ற குறிப்பான யோசனை கூறுதல். நான்காவது, தேவைப்படுவோரை அத்துறை வல்லுநரிடம் அனுப்புதல். மேலே செல்லச் செல்லத் தேவைப்படுவோர் தொகை குறையும். முதற்படி எல்லார்க்கும் வேண்டும். நான்காம் படி சிலர்க்கே வேண்டும். மாணவத் தாதி நான்காம் படியை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. முதலிரண்டு படிகளைச் செவ்வனே செய்தால் அதுவே பெரும் பணியாகும்.

முதற்படி நம்மிடையே எளிதன்று. நாம் யாரையும் உறவுமுறை சொல்லி அழைப்பவர்கள். முதியவர் தாதியை "தங்கச்சி" என்றோ "மகளே" என்றோ அழைத்துவிட்டால், மகளிடம் எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்னும் வரம்பும் உடன் வந்துவிடுகிறது. அவ்வுறவை மறுக்க வேண்டியதில்லை. "ஐயா, சக்கரை வியாதிக்கு வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேட்போம், உங்ககிட்ட மட்டும் இல்ல" என்று தொடங்கினால், கேள்வி மகளுடையதாக இல்லாமல் மருத்துவமனையுடையதாகிவிடும். கேட்பவளின் முகத்தில் கூச்சமோ வியப்போ தோன்றாதிருத்தலும் பயிற்சியால் வருவதே.

இன்னொரு செய்தி மிக முக்கியமானது. தமிழ் மட்டுமே அறிந்த தாயை மருத்துவமனைக்கு அழைத்து வருபவர் பெரும்பாலும் மகனோ பேரப்பிள்ளையோ ஆவர். அவர்களையே மொழிபெயர்ப்பாளராக்குவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் மகன் வாயிலாகத் தன் உதிரப்போக்கைச் சொல்லும் தாய் எவர்? "ஒன்னும் இல்லய்யா" என்றே விடை வரும். வன்கொடுமைக்கு ஆளானவர்க்குக் குடும்பத்தாரே மொழிபெயர்த்தால், கொடுமை செய்தவரே மொழிபெயர்ப்பாளராகிவிடவும் கூடும். தமிழறிந்த தாதி ஒருவர் ஐந்து நிமிடம் தனியே பேசுவது இங்கே மருந்துக்கு நிகரானது. பேரிளம் பெண்டிர்க்குப் பாசார் மலாய் தெரியுமே என்பர் சிலர். பாசார் மலாயில் மீன் வாங்கலாம். மார்பில் தோன்றிய கட்டியையும் மனத்தில் உள்ள அச்சத்தையும் சொல்ல முடியாது.

சிறார் விஷயத்தில் முறை வேறு. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று அவர்களுக்கு வாக்களிக்கலாகாது. 2017ஆம் ஆண்டின் சிறார்க்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்டவர்க்கு இத்தகைய குற்றம் இழைக்கப்பட்டதை அறிந்தவர் அதனைக் காவல் துறையினரிடம் தெரிவிக்காமலிருப்பதே குற்றமாகும். ஆசிரியராகிய நமக்கும் அது பொருந்தும். "உனக்கு உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்" என்பதே நேர்மையான வாக்கு. தன் உடலுறுப்பின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, தனக்கு நேர்ந்ததையும் தெளிவாகச் சொல்லும். பெயரே தெரியாத பிள்ளை "அங்க" என்று மட்டும் சொல்லும். கேட்பவர் கவனியாது விட்டுவிடலாம்.

தமிழால் இயலுமா?

இத்தகைய செய்திகளைத் தமிழில் சொல்ல இயலாது. ஆங்கிலமே ஏற்றது என்போர் உண்டு. அவர்க்கு விடையளிக்க யாழ்ப்பாணத்து வரலாறு ஒன்று போதும். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், மக்களிடையே பணியாற்ற வேண்டிய மருத்துவர் மக்கள் மொழியிலேயே கற்க வேண்டும் என்று தெளிந்து, பின்னர்த் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, உடலியல், அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறைகளில் அவர் முயற்சியால் தமிழ் நூல்கள் வெளிவந்தன. மகப்பேற்று மருத்துவ நூலொன்று 1857இலேயே தமிழில் அச்சாயிற்று. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே கருப்பையும் பேறுகாலமும் தமிழில் பாடமாக எழுதப்பட்டன என்றால், இன்று இயலாது என்பது எவ்வாறு பொருந்தும்?

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கிறீனுக்கு வேண்டியிருந்தவை நூற்சொற்கள். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொல் தொகுதியும், 1954 முதல் பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியமும் அவற்றை மேலும் வளர்த்தன. கருப்பை, சூலகம், விந்தணு முதலிய சொற்களுக்கு இன்று குறையில்லை. குறைவாக இருப்பது பாலம். நோயாளி சொல்லும் "தூரம்", "சூடு", "வெட்டை" ஆகியவற்றிலிருந்து அந்நூற்சொற்களுக்கும், அங்கிருந்து மருத்துவமனை ஏட்டில் எழுதப்படும் மலாய், ஆங்கிலப் பெயர்களுக்கும் செல்லும் பாலம் அது. அதைக் கட்டுவதற்கு மருத்துவ அறிவு மட்டும் போதாது, மொழியறிவும் வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

தமிழாசிரியர் இதில் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, நலக்கல்வியில் பருவ மாற்றம் பற்றிய பாடத்தை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவும் வழக்கத்தை நிறுத்துதல். ஆசிரியர் கூசினால் மாணவரும் கூசுவர். ஆசிரியர் கண், காது என்று சொல்லும் அதே குரலில் சொன்னால் மாணவரும் அவ்வாறே ஏற்பர். இதனால் பிள்ளைகள் கெடுவர் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. இத்தகைய கல்வி பாலுறவை முன்கூட்டித் தூண்டுவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவுபடுத்தியுள்ளது.

இரண்டாவது, ஆறாம் ஆண்டு மாணவியர் பள்ளியை விட்டு நீங்குமுன், மறு ஆண்டு இடைநிலைப் பள்ளியில் போடப்படும் தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் தமிழில் விளக்குதல். பெற்றோரின் இசைவு வேண்டப்படும் செயல் அது. தாம் நம்பும் ஆசிரியர் ஒருமுறை சொல்லியிருந்தால் பெற்றோர் தயங்கமாட்டார்.

மூன்றாவது, ஒவ்வொரு பள்ளியின் பழைய மாணவருள்ளும் தாதியராகப் பணிபுரிவோர் இருப்பர். அவர்களை ஆண்டுக்கொரு முறை அழைத்து, நோயாளியர் வாயில் கேட்ட சொற்களைக் கூறச் செய்து, ஆசிரியர் அவற்றைத் தொகுக்கலாம். ஆளின் பெயரோ அடையாளமோ வேண்டா. சொல் மட்டும் போதும். ஒரு வரிசையில் மக்கள் சொல், அடுத்து அதன் பொருள்கள், அடுத்து நூற்சொல், மலாய்ச் சொல், இறுதியாக அச்சொல்லைக் கேட்டவுடன் தாதி கேட்க வேண்டிய கேள்வி. இவ்வாறு ஐம்பது சொற்கள் சேர்ந்தாலும் அது சிறந்த கைந்நூலாகும். மூத்தோர் மறைய மறைய இச்சொற்களும் மறையும். ஆதலின் இப்பணியைத் தள்ளிப்போடலாகாது.

நான்காவது, அக்கைந்நூலைத் தாதியர் கல்லூரிகளுக்கு அளித்தல். தமிழ் மாணவர்க்கு மட்டுமன்று. மலாய், சீன மாணவர்க்கும் அது உதவும். நோயாளியாக ஒருவரும் தாதியாக ஒருவரும் நடித்துப் பழகும் பயிற்சி தாதியர் கல்விக்குப் புதிதன்று. அதில் தமிழ் நோயாளி ஒருவரும் இடம்பெறட்டும். தமிழ் அறியாத தாதி பத்துச் சொற்களைப் புரிந்துகொண்டால், எப்போது தமிழறிந்தவரை அழைக்க வேண்டும் என்பதையேனும் அறிவார்.

உலக சுகாதார நிறுவனம் கருப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிக்க 2020இல் ஓர் இலக்கை அறிவித்தது. 2030க்குள் 15 வயதடையும் மாணவியருள் நூற்றுக்கு 90 பேர்க்குத் தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் நூற்றுக்கு 70 பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டோரில் நூற்றுக்கு 90 பேர்க்கு மருத்துவம் என்பன அவை. ஊசியும் கருவியும் அரசும் பல்கலைக்கழகமும் தரத்தக்கவை. ஆனால் பரிசோதனைக்கு வரலாமா என்று தயங்கி நிற்கும் நம் அத்தைக்கும் பாட்டிக்கும், அவர்கள் மொழியில், அவர்கள் கூசாத சொல்லில் விளக்கும் தாதியை உருவாக்குவது வகுப்பறை. அத்தாதி இன்று நம் பள்ளியில் நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ அமர்ந்திருக்கிறாள். அவளுக்குத் தரவேண்டிய சொற்களை நாம் மறைக்காமல் தருவோமாக.